பெயர் சொல்லாமல் ஒரு பைக் ஒர்க்‌ஷாப் பற்றி

மதுரையின் ஓரத்தில், பஸ் போகும் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, தகரக் கூரை போட்ட டூ வீலர் ஒர்க்‌ஷாப் அது. கடையின் பெயரையும் தெருவையும் எழுத மாட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

என் வண்டி 2014 மாடல் ஸ்பிளெண்டர். மூன்று மாதமாகக் காலையில் சோக் போட்டு உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்துபோகும். கிளம்பினாலும் சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிவிடும். முதலில் காட்டிய பெரிய சர்வீஸ் சென்டரில் கார்புரேட்டரையே மாற்ற வேண்டும் என்றார்கள். நான் 31 வருஷம் ஐடிஐயில் மெக்கானிக் பாடம் நடத்தியவன். அது கார்புரேட்டர் கோளாறு இல்லை என்று சத்தத்திலேயே தெரிந்தது. ஆனால் முழங்கால் மடங்காது. உட்கார்ந்து கழற்ற இப்போது முடியாது. அப்போதுதான் என்னிடம் படித்த ஒருவர் வைத்திருக்கும் இந்தக் கடை நினைவுக்கு வந்தது.

வண்டியைப் பார்த்த பையனுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். என்ன பிரச்சினை என்று முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் ஸ்பேனரை எடுத்தான். பிளக்கைக் கழற்றி என்னிடம் நீட்டினான். "வெள்ளையா இருக்கு பாருங்க சார், எங்கயோ ஏர் வாங்குது." ஐட்லிங்கில் விட்டு, கார்புரேட்டர் இன்ஜினோடு சேரும் இடத்தில் கிளீனர் ஸ்ப்ரேயை லேசாக அடித்தான். சத்தம் உடனே மாறியது. உள்ளே காற்றுக் கசியாமல் அடைக்கும் ஓ ரிங் என்கிற ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. பழையதை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் புதியதைப் போட்டான். பழைய பாகத்தை வண்டிக்காரர் கையில் கொடுப்பது அந்தக் கடையில் விதி.

ஓ ரிங் 20 ரூபாய், ஆயில் 420, கூலி 350. மொத்தம் 790. இப்போது இரண்டாவது உதையில் வண்டி கிளம்புகிறது.

அந்தக் கடையில் ஐந்து பையன்கள். அவர்களில் மூன்று பேர் சிறப்பு இல்லத்தில், அதாவது பதினெட்டு வயதுக்குள் குற்றம் செய்தவர்களை வைத்துத் திருத்தும் இல்லத்தில், இருந்துவிட்டு வந்தவர்கள். சனிக்கிழமை சாயங்காலம் வந்து பையன்களுக்குப் பாடம் எடுக்க முடியுமா என்று என் மாணவர் கேட்டபோதுதான் இதைச் சொன்னார். எந்த மூன்று பேர் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் வண்டியைப் பார்த்தவன் அந்த மூவரில் ஒருவனா என்று எனக்கு இன்றும் தெரியாது.

கடையின் பெயரை எழுதாததற்குக் காரணம் இதுதான். 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74-வது பிரிவில், இப்படிப்பட்ட பிள்ளைகளை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முடிந்துபோன வழக்கைப் போலீஸ் நன்னடத்தைச் சான்றில்கூடக் காட்டக் கூடாது. 24-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: அந்தக் குற்றத்தால் அவர்களுக்கு எந்தத் தகுதியிழப்பும் வரக்கூடாது, மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் ஆவணங்களை அழித்துவிட வேண்டும். பதினாறு வயதைத் தாண்டி மிகக் கொடிய குற்றம் செய்து, குழந்தைகள் நீதிமன்றத்தில் பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்ட வழக்குகளுக்குத்தான் இந்த 24-வது பிரிவில் விலக்கு.

நல்ல சட்டம். ஆனால் சட்டம் தொடாத ஓர் இடம் இருக்கிறது. அதை நான் கண்ணால் பார்த்தேன். பல வருஷத்துக்கு முன் என் வகுப்பில் அப்படி ஒரு பையன் இருந்தான். இன்ஜினைப் பிரித்துப் போட்டால் வரிசை மாறாமல் சேர்ப்பான். படிப்பு முடிந்ததும் அப்ரெண்டிஸ் நேர்காணலுக்கு ஒரு கம்பெனிக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். சான்றிதழ்களைப் புரட்டிய அதிகாரி கேட்டது ஒரே கேள்வி: "ஒன்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் நடுவுல ரெண்டு வருஷம் எங்கப்பா இருந்த?" பையன் பதில் சொல்லவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டான். அதற்குப் பிறகு என் கண்ணில் அவன் படவே இல்லை. அன்றைக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

இல்லங்களில் கல்வியும் தொழிற்பயிற்சியும் தர வேண்டும் என்றுதான் சட்டமே சொல்கிறது. பதினெட்டு வயதில் வெளியே வருபவருக்கு 21 வயது வரை, தேவைப்பட்டால் 23 வரை, பிற்காப்பு உதவிக்கும், அதாவது இல்லத்தை விட்டு வந்தபின் சொந்தக் காலில் நிற்கத் தரும் உதவிக்கும், வழி இருக்கிறது. ஆனால் சான்றிதழோடு வெளியே வருகிறவனை முதல் வேலைக்கு யார் எடுப்பது? அந்த இரண்டு வருஷ ஓட்டையை எதைப் போட்டு அடைப்பது? என் மாணவர் கண்டுபிடித்த வழி எளிமையானது. ஒவ்வொரு பையனும் குறைந்தது இரண்டு வருஷம் இங்கே வேலை செய்ய வேண்டும். முதல் நாளிலிருந்து கூலி உண்டு. போகும்போது அனுபவச் சான்று தருகிறார். அடுத்து வேலை கேட்கும் இடத்தில் "இதுக்கு முன்னாடி எங்க இருந்த?" என்றால், இந்தக் கடையின் பெயரைத் தலைநிமிர்ந்து சொல்லலாம்.

அப்புறம் படிப்பு. பாதியில் நின்ற பிள்ளைக்குப் பழைய பள்ளியில் டிசி வாங்குவதே ஒரு போராட்டம். எட்டாவதைத் தனித்தேர்வராக எழுதலாம், அதற்குப் பன்னிரண்டரை வயது முடிந்திருந்தால் போதும். பத்தாவதைத் தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலமாகவும் எழுதலாம். ஐடிஐயில் எட்டாவது பாஸ் போதும் என்கிற டிரேடுகளும் உண்டு. இந்த விவரம் பெற்றோர் பலருக்குத் தெரியாது. இங்கே ஐந்து பேரும் கடை மூடிய பிறகு கொட்டகையிலேயே படிக்கிறார்கள். பின்னம் புரியவில்லை என்றவனுக்கு ஸ்பேனர் அளவுகளை வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். அடுத்த வாரம் அவனே இன்னொருவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். தொழில் தெரிந்தவனுக்குக் கணக்கு தனியாக வராது, கையோடு சேர்ந்துதான் வரும். இது என் வகுப்பறை அனுபவம்.

எனக்கு மிகவும் பிடித்தது கல்லாப்பெட்டி. முதலாளி பார்ட்ஸ் வாங்கப் போனால் சாவி ஏதாவது ஒரு பையன் கையில் இருக்கிறது. வாரம் ஒருவர், முறை வைத்து. "பயமா இல்லையா?" என்று கேட்டேன். "ஒருத்தனுக்குக் குடுத்து ஒருத்தனுக்குக் குடுக்கலைன்னா, யார் எங்கேருந்து வந்தவன்னு நானே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆயிடும் சார்" என்றார்.

குறைகளும் உண்டு. வியாழக்கிழமை தருவதாகச் சொன்ன வண்டி வெள்ளிக்கிழமைதான் கிடைத்தது, ஒரு போன்கூட வரவில்லை. பின் பிரேக்கை இறுக்கி வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வருவதற்குள் டிரம் சூடாகிவிட்டது, திரும்பப் போய்ச் சரிசெய்தேன். உட்கார ஒரே ஒரு ஸ்டூல். பில் துண்டுச் சீட்டில்தான்.

இதெல்லாம் சின்ன விஷயம். ஒன்றை மட்டும் விட முடியவில்லை. ஒரு பையன் கண்ணாடி போடாமல் கிரைண்டரில் வேலை செய்துகொண்டிருந்தான். சுவிட்சை நானே அணைத்துவிட்டுச் சத்தம் போட்டேன். கண்ணில் பொறி தெறித்தால் தொழிலே போய்விடும். முதலாளி தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை போனபோது கிரைண்டருக்கு மேலே ஆணியில் ஒரு கண்ணாடி தொங்கியது. ஐந்து பேருக்கு ஒன்று போதாது, ஆளுக்கு ஒன்று வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.