தீம் பார்க்கில் வரிசை நிற்க வேண்டாம் என்று பாஸ் விற்கிறார்களா? வாங்காதீர்கள், எங்களுக்கு 14,400 ரூபாய் போச்சு

14,400 ரூபாய். மீன்பிடித் தடைக்காலத்தில், ராமேஸ்வரம் தீவில் இருக்கும் எங்கள் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய காசு என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அதற்கு அரசு தரும் நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். அதைவிடக் கூடுதலாக எங்களிடம் ஒருவன் போனில் பேசியே வாங்கிக்கொண்டு போய்விட்டான். கூட்ட நாளில் குடும்பத்தோடு தீம் பார்க்குக்குப் போய்வருவது எப்படி என்று கடைசியில் எழுதுகிறேன். முதலில் இவன் கதை.

என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் ஒரே போட்டில் போகிறவர்கள். இரண்டு பேரும் சேர்ந்து வீட்டில் இருப்பது இந்த இரண்டு மாதம்தான். பிள்ளைகளுக்கும் மே மாத லீவு. மதுரையைத் தாண்டி ஒரு தண்ணீர் தீம் பார்க் இருக்கிறது, அங்கே போயே ஆக வேண்டும் என்று சின்னது ஏப்ரலிலேயே ஆரம்பித்துவிட்டது. நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், கொழுந்தன், அவர் சம்சாரம், மதினி, மதினி மகன், எங்கள் அத்தை. ஒன்பது பேர்.

கூட்டம் என்றால் என்ன என்று ராமேஸ்வரம் தீவுக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். லீவு நாளில் பாம்பன் பாலத்தில் காரை நிறுத்திவிட்டு ரயில் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள், பின்னால் ஆம்புலன்ஸ் நின்றாலும் நகர மாட்டார்கள். ஆடி அமாவாசைக்கு அக்னி தீர்த்தக் கரையில் கால் வைக்க இடம் இருக்காது. அதனால் காசு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, வரிசையில் நின்று பிள்ளைகளும் அத்தையும் வெயிலில் வதங்கக் கூடாது என்றுதான் தேடினோம். தேடியது இதற்காக என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

டிக்கெட், வேன், ரூம் எல்லாவற்றுக்கும் தள்ளுபடி போடும் ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம். பெயர் போடவில்லை, நாளைக்கே வேறு பெயரில் வருவார்கள், பெயரைப் பார்த்துத் தப்பிக்க முடியாது. பிள்ளைகள் சறுக்கிக்கொண்டு தண்ணீரில் விழும் வீடியோ, கீழே 'நன்றி அண்ணா, சூப்பர் டிரிப்' என்று வரிசையாகக் கமெண்ட். நம்பருக்கு மெசேஜ் போட்டதும் அவனே கூப்பிட்டான்.

'தங்கச்சிமடமாக்கா? நானும் ராம்நாடு பக்கம்தான். தடைக்காலம்ல, அண்ணன் வீட்டுல இருப்பாங்க, இப்பப் போனாத்தான் உண்டு' என்றான். இதைத்தான் நினைத்து நினைத்துப் பொருமுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கேட்டதற்கு 'வேணாம்க்கா, ஞாயித்துக்கிழமை உள்ள போனா நசுங்கிருவீங்க, புதன்கிழமை வாங்க' என்றான். விற்க வந்தவன் வேண்டாம் என்று சொன்னால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது? அதோடு விட்டானா? கேட் திறக்கும் முன்பே போய் நில்லுங்கள், முதல் ஒரு மணி நேரம் பெரிய ரைடுகளை முடித்துவிடுங்கள், தண்ணீர் பக்கம் அப்புறம் போகலாம், ஒரு மணிக்கு எல்லாரும் சாப்பிடப் போகும்போது நீங்கள் அலைக் குளத்துக்குப் போங்கள், சாப்பாட்டை மூன்று மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அத்தைக்கு எங்கே நிழலில் உட்கார இடம் கிடைக்கும் என்பது வரை சொன்னான். சின்னவள் உயரம் எவ்வளவு என்று கேட்டான், சில ரைடுக்கு வயசு பார்க்க மாட்டார்கள், உயரம்தான் அளப்பார்கள் என்றான். அத்தனையும் சரியான யோசனை! தொழில் தெரிந்த ஆள். அந்தப் புத்தியை நல்ல வழியில் வைத்திருந்தால் மாசம் முழுக்க நேர்மையாகச் சம்பாதிக்கலாம்.

நுழைவு டிக்கெட்டும், வரிசை இல்லாமல் நேரே ஏறும் பாஸும் சேர்த்து ஆளுக்கு 1,600. ஒன்பது பேருக்கு 14,400. முதலில் 5,000 அட்வான்ஸ், கிளம்புவதற்கு முந்தின நாள் மிச்சம் 9,400. பணம் போடும்போது திரையில் வேறு யாரோ ஒருவர் பெயர் வந்தது. நான் கேட்டேன். 'அது எங்க அக்கவுண்டன்ட் பேருக்கா, கம்பெனி கணக்கு ஆடிட்டிங்ல இருக்கு' என்று மூச்சு விடாமல் சொன்னான். அந்த 9,400இல் பாதி நான் மகளிர் குழுவில் சேர்த்த பணம். அன்று ராத்திரியே ஒன்பது டிக்கெட் பிடிஎஃப் வந்தது. பார்க் படம், கட்டம் கட்டமாகக் கியூஆர் கோடு, தேதி, எங்கள் பெயர்கள், எல்லாம் பக்காவாக இருந்தது.

தெரிந்த வேன்காரரைப் பேசி விடியுமுன் கிளம்பினோம். பரமக்குடி வரை இன்னும் ஒற்றை ரோடுதான், லாரிக்குப் பின்னால் ஊர்ந்துபோய் அதன் பிறகுதான் நாலு வழிச் சாலை. அப்படியும் கேட் திறக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டோம். புதன்கிழமையாவது கிழமையாவது, மே மாதத்தில் எல்லா நாளும் ஒன்றுதான். பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள். வரிசை வெயிலில் வளைந்து போகிறது. எங்களிடம் பாஸ் இருக்கிறது என்று தைரியமாக ஓரமாகப் போனோம்.

கேட்டில் இருந்த பெண் முதல் டிக்கெட்டை ஸ்கேன் செய்தார். ஏற்கெனவே உள்ளே போன டிக்கெட் என்று வந்தது. இரண்டாவதும் அதே. மூன்றாவதும். ஒன்பதிலும் ஒரே கியூஆர் கோடு! யாரோ எப்போதோ வாங்கிய ஒரே டிக்கெட்டை ஒன்பது தரம் போட்டு மேலே எங்கள் பெயரை மாற்றி ஒட்டியிருக்கிறான். பாஸைக் காட்டினால், 'இது எங்க பாஸே இல்லைங்க, நாங்க கையில கட்டுற பேண்டாத்தான் குடுப்போம்' என்றார். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன், பொறுமையாகத்தான் பேசினார். பின்னால் நின்றவர்கள்தான் 'ஏம்மா, வழிய விடுங்க' என்று கத்தினார்கள். ஒன்பது பேரும் அத்தனை கூட்டத்துக்கு முன்னால், ஏதோ நாங்கள் திருட்டு டிக்கெட்டில் நுழையப் பார்த்த மாதிரி நின்றோம். என் வீட்டுக்காரர் கடலில் எத்தனையோ பார்த்தவர். அவர் முகம் செத்துப்போனதை அன்றுதான் பார்த்தேன்.

அங்கிருந்தே அவனுக்கு அடித்தேன். முதலில் எடுத்தான். 'சர்வர் பிராப்ளம்க்கா, பத்து நிமிஷம் நில்லுங்க, எங்க ஸ்டாஃப் கேட்டுக்கு வருவாரு.' யாரும் வரவில்லை. திரும்ப அடித்தால் வேறொருத்தி. 'சார் மீட்டிங்ல இருக்காங்க மேடம்.' அக்கா போய் மேடம் ஆகிவிட்டேன். அப்புறம் 'நீங்க லேட்டா போனதால டிக்கெட் எக்ஸ்பயர் ஆயிருக்கும்' என்றார்கள். கேட் திறக்கும் முன்பே வந்து நிற்கிறவளிடம்! கடைசியில் பிஸியான நேரம், மெசேஜ் மட்டும் போடுங்கள் என்று அவர்களே ஒரு மெசேஜ் அனுப்பினார்கள்.

பிள்ளைகளை அழவைத்துக் கூட்டி வர முடியாது. மறுபடி வரிசையில் நின்று கவுண்டரில் டிக்கெட் எடுத்துப் பிள்ளைகளோடு என் வீட்டுக்காரரும் மதினியும் மட்டும் உள்ளே போனார்கள். அத்தையும் நாங்களும் வேனில். புளிச்சோறும் கருவாட்டுத் தொக்கும் கட்டிக்கொண்டு போயிருந்தோம், உள்ளே விட மாட்டார்கள் என்பதால் அதை அங்கேயே தின்று தீர்த்தோம். அந்த டிக்கெட் காசும் வேன் வாடகையும் நான் 14,400 என்று சொல்வதில் சேராது.

ஊருக்குத் திரும்பிய பிறகு ரீஃபண்ட் என்று கேட்டால் ஏழு வேலை நாள் என்றார்கள். நான் விடவில்லை. உடனே ஒரு கியூஆர் கோடு அனுப்பி, 'இத ஸ்கேன் பண்ணி 14,400னு அடிச்சு பின் போடுங்க மேடம், உங்க அக்கவுண்ட்ல ஏறிரும்' என்றாள் அந்தப் பெண். எனக்கு வரவேண்டிய பணத்துக்கு நான் எதற்குப் பின் போட வேண்டும்? பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை, நம் கணக்கிலிருந்து பணம் போவதற்குத்தான் அதைக் கேட்பார்கள். போட்டிருந்தால் இன்னொரு 14,400 போயிருக்கும். நான் அப்படிக் கேட்டதும் போனை வைத்தவள்தான், என் நம்பரை எல்லாவற்றிலும் பிளாக் செய்துவிட்டார்கள்.

ஆன்லைன் பண மோசடிக்கான சைபர் கிரைம் உதவி எண் 1930க்குப் போன் செய்து புகார் கொடுத்திருக்கிறேன், ரசீது எண் வந்திருக்கிறது. அவன் கணக்கில் காசு இருந்தால் நிறுத்திவைக்கலாம், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது என்றார்கள். அவன் விட்டுவைத்திருப்பானா என்ன?

சரி, கூட்டத்தைச் சமாளிப்பது பற்றி எழுதுகிறேன் என்று சொன்னேன். நீளமாக எழுத இப்போது மனசு இல்லை. வரிசை இல்லாத பாஸ் பெரிய பார்க்குகள் சிலவற்றில் நிஜமாகவே உண்டு. ஆனால் அது சாதா டிக்கெட்டைவிட விலை கூடத்தான் இருக்கும். யாராவது தள்ளுபடியில் தருகிறேன் என்றால் அங்கேயே போனை வையுங்கள். டிக்கெட்டைப் பார்க்கின் சொந்தத் தளத்தில் எடுங்கள், இல்லாவிட்டால் கவுண்டரில் எடுங்கள். பிடிஎஃப் வந்தால் கிளம்பும் முன்பே பார்க் ஆபீஸுக்குப் போன் போட்டு புக்கிங் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ஆளுக்கு ஒரு டிக்கெட் என்று வந்து எல்லாவற்றிலும் கியூஆர் கோடு ஒன்றுபோல இருந்தால் சந்தேகப்படுங்கள். பணம் போகும் பெயர் வேறாக இருந்தால் அனுப்பாதீர்கள், என்ன காரணம் சொன்னாலும் அனுப்பாதீர்கள். ஏமாந்தால் பேசிக்கொண்டு நிற்காமல் உடனே 1930. நைலான் துணி எடுத்துக்கொண்டு போங்கள், சேலை, சுடிதாரோடு தண்ணீரில் இறங்க விட மாட்டார்கள். அவ்வளவுதான்.

மதினி மகன் போனில் இன்று காலை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதே வீடியோ, அதே நன்றி அண்ணா கமெண்ட். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குப் புது ஆஃபர் போட்டிருக்கிறான், பத்துப் பேருக்கு எடுத்தால் ஒருவருக்கு இலவசமாம். கீழே தொண்டிப் பக்கத்துப் பெண் ஒருவர் விலை கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று எழுதினேன், அழித்துவிட்டான். மறுபடி எழுதியிருக்கிறேன். அவரைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் தயவு செய்து ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.