மதுரை சிம்மக்கல் பக்கம் இருக்க அந்த சின்ன கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை, என் அனுபவம்

நான் கல்யாணம், திருவிழா வீடியோ எடுக்குறவன், எடிட்டிங் எல்லாம் லினக்ஸ் மெஷின்ல தான். அழகர் ஆத்துல இறங்குறத ஒரே ஷாட்டா ஓடவிட்டு எடுத்த ஃபைல் மட்டும் 60 ஜிபி, அத எடிட்டிங்ல போட்டா நாலு செகண்டுக்கு ஒருக்கா நிக்கிது. வேற ஒரு கடையில காட்டுனதுக்கு டிஸ்க் போச்சு புதுசு வாங்குங்கன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க, திறந்து கூட பாக்கல.

அப்புறம் தான் இந்த அண்ணன்கிட்ட வந்தேன். மனுசன் மொதல்ல டிஸ்க் ஹெல்த்த பாத்தாரு, நல்லா இருந்துச்சு. அடுத்து ஃபைல்ஃப்ராக்னு ஒரு கமாண்ட் அடிச்சாரு, அந்த ஒரு ஃபைல் மட்டும் 3,000 சொச்சம் துண்டா கிடக்கு! டிஸ்க் 97 சதவீதம் நிறைஞ்சிருந்ததால ஒட்டுனாப்ல இடம் கிடைக்காம சந்துல பொந்துல எல்லாம் போய் உக்காந்திருக்கு, ஹார்ட் டிஸ்க்கோட ஹெட் ஒவ்வொரு துண்டுக்கும் ஓடி ஓடி எடுக்கணும்ல, அதான் நிக்கிது.

"தம்பி, இருபது பேர் குடும்பமா பந்திக்கு வந்தா ஒரே வரிசையில இலை போடணும், ஆளுக்கொரு மூலையில உக்கார வச்சா பரிமாறுறவன் என்ன செய்வான்"னு கேட்டாரு. எனக்கு அப்பவே புரிஞ்சிருச்சு.

எந்த ஃபைல் டிஸ்க்ல எங்க கிடக்குன்னு கணக்கு வைக்கிற முறைக்கு ஃபைல் சிஸ்டம்னு பேரு. லினக்ஸ்ல பழைய ஃபைல் சிஸ்டமான ஈஎக்ஸ்டி3ல ஒவ்வொரு 4 கேபி பிளாக்குக்கும் தனித்தனி அட்ரஸ் எழுதி வைக்கணுமாம், 60 ஜிபிக்கு கணக்கு போட்டா ஒன்றரை கோடிக்கு மேல வருது. அதுக்கு அடுத்து வந்த ஈஎக்ஸ்டி4ல எக்ஸ்டென்ட், அதாவது இங்கருந்து இத்தனை பிளாக்குன்னு ஒரே வரி, ஒரு வரியில 128 எம்பி வரைக்கும் அடங்கிரும், அப்போ இடம் ஒட்டுனாப்ல கிடைச்சா 480 வரி போதும். எழுதச் சொன்ன உடனே இடம் ஒதுக்காம கொஞ்சம் சேத்து வச்சு மொத்தமா ஒதுக்குமாம், எத்தனை பேர்னு எண்ணிட்டு இலை போடுற மாதிரி.

புது 4 டிபி டிஸ்க் போட்டு குடுத்தாரு. வீட்ல வந்து பாத்தா 200 ஜிபி காணோம், கோவம் வந்துருச்சு, போன் அடிச்சா ஈஎக்ஸ்டி4 தானாவே 5 சதவீதம் ரூட்டுக்குன்னு, அதாவது சிஸ்டத்தோட அட்மினுக்குன்னு, ஒதுக்கி வைக்கும் தம்பி, டேட்டா மட்டும் வைக்கிற டிஸ்க்குக்கு அவ்வளவு வேணாம்னு சொல்லி மறுநாள் 1 சதவீதமா குறைச்சு குடுத்தாரு, காசு வாங்கல. இத மொதல்லயே சொல்லியிருக்கலாம், அது ஒண்ணு தான் எனக்கு வருத்தம்.

காப்பி பண்றதுக்கு ஆர்சிங்க்னு ஒரு காப்பி கமாண்ட், அதுல ப்ரீஅலோகேட்ங்கிற ஆப்ஷன போட சொல்லிக் குடுத்தாரு. ஃபைல் வர்றதுக்கு முன்னாடியே முழு இடத்தையும் பிடிச்சு வச்சிரும், பெரியார் பஸ் ஸ்டாண்ட்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டு பிடிக்கிறோம்ல அதே தான். இப்ப அதே அழகர் ஃபைல் 30 சொச்சம் துண்டு தான் (ஒட்டுனாப்ல இருக்க வரியெல்லாம் சேந்து ஒரே துண்டு கணக்கு), தங்கக் குதிரை ஆத்துல இறங்குற இடம் ஒரு தடவ கூட நிக்காம ஓடுச்சு, பாக்கவே நிறைவா இருந்துச்சு.

பழைய டிஸ்க்க தூக்கிப் போட விடல. பாதிய காலி பண்ணிட்டு துண்டுகள ஒண்ணு சேக்குற ஈ4டீஃப்ராக் கமாண்ட ஓட்டுங்க, இடமே இல்லாம ஓட்டுனா பிரயோஜனம் இல்ல, இனிமே எப்பவும் 15 சதவீதமாவது காலியா வைங்கன்னாரு.

சர்வீஸ் சார்ஜ் 600 ரூபா. மதியம் ரெண்டுலருந்து நாலு வரைக்கும் கடை அடைச்சிருக்கும், வண்டி நிறுத்த இடம் கிடையாது, நடந்து போறது நல்லது. என் மார்க் அஞ்சுக்கு நாலரை.