ஸ்போர்ட்ஸ் கார் டயர்: 4எஸ், ஸ்போர்ட்கான்டாக்ட் 7, பொடென்சா, அசிமெட்ரிக் 6 – எது யாருக்கு?

தினமும் சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் தேடினால் நான்கு பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்: மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ், கான்டினென்டல் ஸ்போர்ட்கான்டாக்ட் 7, பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஸ்போர்ட், குட்இயர் ஈகிள் எஃப்1 அசிமெட்ரிக் 6. உலர்ந்த சாலையில் பிரேக் அடித்து நிற்கும் தூரத்தில் இவற்றுக்குள் பெரிய இடைவெளி கிடையாது. காற்றழுத்தம் நாலைந்து பி.எஸ்.ஐ. தவறினாலே அந்த இடைவெளியும் போய்விடும். அதனால் எது முதலிடம் என்று தேடுவதைவிட எந்த டயருக்கு எந்தக் குணம் என்று பார்த்து எடுப்பதுதான் சரி.

நான்கில் வயதில் மூத்தது 4எஸ், 2017-இல் வந்தது. ட்ரெட்டின், அதாவது சாலையைத் தொடும் பகுதியின், வெளிப்பக்கம் ஒரு ரப்பர் கலவை, உள்பக்கம் வேறு. வளைவில் எடை சாயும் வெளிப்பக்கம் உலர் பிடிப்புக்கு, சிலிகா சேர்த்த உள்பக்கம் ஈரத்துக்கு. இதன் பலம் சீரான நடத்தை. பிடிப்பின் எல்லை வருவதை ஸ்டீயரிங்கில் முன்கூட்டியே சொல்லிவிடும், தாண்டினாலும் சட்டென்று விட்டுவிடாது. தேய்மானத்திலும் நல்ல பெயர். பாதி தேய்ந்த பிறகும் குணம் அதிகம் மாறாது என்பதே இதை இன்னும் பலர் தேடிப் போடுவதற்குக் காரணம்.

2021-இல் வந்த ஸ்போர்ட்கான்டாக்ட் 7 ஈரத்தில் 4எஸ்ஸைவிட ஒரு படி மேல். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் மூக்கு உடனே உள்ளே வரும். மழையிலும் வேகமாகப் போக வேண்டியிருப்பவருக்கு இந்த நான்கில் முதல் தேர்வு இதுதான்.

அதே ஆண்டு வந்த பொடென்சா ஸ்போர்ட்டுக்குச் சைடுவால் (டயரின் பக்கச் சுவர்) விறைப்பு அதிகம். கையசைவுக்கும் காரின் அசைவுக்கும் நடுவே தாமதமே இல்லாதது போலிருக்கும். அந்த விறைப்புக்கு விலை உண்டு: குண்டுகுழிகள் முதுகுவரை வந்து சேரும், தேய்மானமும் வேகம். சஸ்பென்ஷன் ஏற்கெனவே இறுக்கமான காரில் இதைப் போட்டால் நீண்ட பயணம் அலுப்புத் தட்டும். அசிமெட்ரிக் 6 இதற்கு நேர் எதிர். சைடுவால் மென்மை, சத்தம் குறைவு, ஈரத்தில் நம்பலாம். ஸ்டீயரிங் கூர்மை மட்டும் கொஞ்சம் மழுங்கியிருக்கும். நீண்ட பயணத்துக்கென்றே செய்த, எடை கூடிய கிராண்ட் டூரர் வகைக் கார்களுக்கு அது குறையே அல்ல.

ட்ராக்குக்கு (பந்தயத் தடத்துக்கு) அடிக்கடி போகிறவர்கள் கதை வேறு. பைலட் ஸ்போர்ட் கப் 2, பிரெல்லி பி ஜீரோ ட்ரோஃபியோ ஆர், யோகோஹாமா அட்வான் ஏ052 ஆகியவை சாலை அனுமதி பெற்றவைதான், ஆனால் சாலைக்காகச் செய்தவை அல்ல. ட்ரெட் ஆழம் குறைவு, கலவை மென்மை. சூடேறாதவரை பிடிப்பு ஏமாற்றும். தேங்கிய நீரில் மிதக்கத் தொடங்கும் வேகமும் சாதாரண டயரைவிடக் குறைவு. ஏ052 ஓரிரு சுற்றுகளில் அசத்திவிட்டு, தொடர்ந்து விரட்டினால் வெப்பம் தாங்காமல் வழுக்கும். நேரம் குறிக்கும் ஒற்றைச் சுற்றுக்கு அருமை, அரைமணி நேர ஓட்டத்துக்குக் கப் 2 மேல்.

பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் ட்ரெட்வேர் எண்ணை (கூடினால் தேய்மானம் மெதுவு என்று பொருள்) வைத்துக் கம்பெனிக்குக் கம்பெனி ஒப்பிடாதீர்கள். அமெரிக்க விதிப்படி ஓர் ஒப்பீட்டு டயரோடு சேர்த்து 7,200 மைல் ஓட்டிப் பார்த்து, கம்பெனியே தன் எண்ணைத் தீர்மானிக்கிறது. அங்குள்ள அமெச்சூர் போட்டிகள் சிலவற்றில் குறைந்தபட்சம் 200 என்று விதி இருப்பதால், மிக மென்மையான டயர்கள்கூட மிகச் சரியாக 200-இல் வந்து நிற்கும் வேடிக்கையையும் பார்க்கலாம். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களை ஒப்பிடத்தான் அந்த எண் உருப்படியாக உதவும்.

கட்டாயம் பார்க்க வேண்டியவை வேறு. 94ஒய் என்றிருந்தால் ஒரு டயர் தாங்கும் எடை 670 கிலோ, வேக எல்லை மணிக்கு 300 கி.மீ. ஒய் அடைப்புக்குறிக்குள் இருந்தால் 300-க்கும் மேல். கார்க் கம்பெனி சொன்ன எடை எண்ணுக்கு (இங்கே 94) கீழே இறங்கவே கூடாது. தயாரித்த தேதி நான்கு இலக்கத்தில் இருக்கும். 3524 என்றால் 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். போர்ஷேவுக்கான என்0, என்1, பி.எம்.டபிள்யூ.வுக்கான நட்சத்திரக் குறி போன்றவை அந்தக் காருக்கென்று உள்ளமைப்பையோ கலவையையோ மாற்றியதைக் காட்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் குறி வேறானால் டயரும் வேறு. ஒரே அச்சின் இடது, வலது சக்கரங்களில் இரண்டையும் கலக்க வேண்டாம்.

இந்த வகை முழுவதுக்கும் குளிர்தான் எதிரி. 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ரப்பர் விறைத்துப் பிடிப்பு விழும். உறைநிலைக்கும் கீழே போனால் ட்ரெட்டில் வெடிப்பு வரக்கூடும். அப்படி உறைந்த டயரை உருட்டவே கூடாது, அறை வெப்பத்துக்கு வந்த பிறகே கை வைக்க வேண்டும்.

புது டயரின் மேல்தோலில் வார்க்கும் அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு ஒட்டியிருக்கும். முதல் 300 கி.மீ. நிதானமாக ஓட்டுங்கள். வெப்பநிலை 5, 6 டிகிரி மாறினால் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. மாறும். ட்ராக்கில் 6 முதல் 8 பி.எஸ்.ஐ. வரைகூட ஏறலாம். எனவே அங்கே குளிர்ந்த அழுத்தத்தை அல்ல, ஓடி வந்ததும் அளக்கும் சூடான அழுத்தத்தைக் கணக்கில் வைத்து, ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் காற்றை இறக்குவார்கள். வீடு திரும்பும்முன் மறுபடி நிரப்ப மறந்தால், குறைந்த அழுத்தத்தோடு நெடுஞ்சாலை வேகம். சைடுவால் மடங்கி மடங்கிச் சூடேறி உள்ளிருந்தே பிய்ந்துவிடும். வெடித்த டயரைப் பார்த்துக் கம்பெனியைத் திட்டுவதில் பயனில்லை.

தேய்ந்த விதமே பல விஷயங்களைச் சொல்லும். நடுப்பகுதி தேய்ந்தால் காற்று அதிகம், இரு ஓரமும் தேய்ந்தால் குறைவு. ட்ராக் ஓட்டத்தில் வெளியோரம் மட்டும் கரைந்தால் நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்புறம் உள்நோக்கிச் சாயும் கோணம்) போதவில்லை. ட்ரெட் குறுக்கே கையை நகர்த்தும்போது ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் அரத்தைப் போலச் சொரசொரத்தால் டோ அலைன்மெண்ட் (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்) கெட்டிருக்கிறது. இவற்றைச் சரிசெய்யாமல் எந்தப் பிராண்டு போட்டாலும் முடிவு ஒன்றுதான். ட்ரெட் ஆழத்துக்கு 1.6 மி.மீ. சட்ட எல்லை என்றாலும், அகலமான டயர்களில் 3 மி.மீ.க்குக் கீழே மழையில் வேகம் வேண்டாம்.

முன்னும் பின்னும் அளவு வேறான கார்களில் டயரை முன்பின் மாற்றிப் போட வழியில்லை. பின்புறம் முதலில் தீரும். இரண்டு மட்டும் வாங்குவதானால் முன்பக்கம் இருக்கும் அதே மாடலையே எடுங்கள். நாலு சக்கர இயக்கக் கார் என்றால் முன்பின் ட்ரெட் ஆழ வித்தியாசம் கையேடு அனுமதிக்கும் அளவுக்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மீறினால் அடுத்து செலவு வைப்பது சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலும் கிளட்சும்.