மூன்றுக்கு இரண்டு அடி தேசியக்கொடி: கதரா, பாலியஸ்டரா? (தர்மபுரியில் வாங்கியது)

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் 15, ஜனவரி 26 மட்டும் ஏற்றி, சாயங்காலம் இறக்கி, மடித்து பீரோவில் வைப்பீர்கள் என்றால் கதர் வாங்குங்கள். மொட்டை மாடியில் இரவு பகலாகப் பறக்க விடுவதானால் பாலியஸ்டர் போதும். ஆனால் கடைக்குப் போகும்போது ஒரு ஸ்கேல் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் பென்னாகரம் பக்கம் அரசுப் பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கொடியேற்றம் என்றால் கயிற்றை இழுப்பது தலைமையாசிரியர். மடிப்பது, பூ வைப்பது, முடிச்சுப் போடுவது எல்லாம் பி.டி. மாஸ்டர் தலையில். கொடி விரியாவிட்டால் மொத்தப் பள்ளிக்கூடமும் அவரைப் பார்க்காது, என்னைத்தான் பார்க்கும். அந்தத் தகுதியில்தான் எங்கள் தெருக் குடியிருப்போர் சங்கமும் கொடி வாங்கும் வேலையை என்னிடம் கொடுத்தது.

அதற்கு முன்னால் சங்கக் கூட்டத்தில் ஒரு பெரிய விவாதம். பொருளாளர், "பாலியஸ்டர் வாங்கினா நூறு ரூபாயோட முடிஞ்சிடும் சார்" என்றார். எதிர்வீட்டுப் பெரியவர் விடவில்லை: "கதர் இல்லாத கொடி கொடியே இல்லைங்க, அது சட்டப்படி குத்தம்." இரண்டு பேருக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. பெரியவர் சொன்னது முன்பு சரி. 2021 டிசம்பர் 30-ம் தேதி மத்திய உள்துறை அமைச்சகம் கொடி விதிகளைத் திருத்தியது. அதற்கு முன் கையால் நூற்று, கையால் நெய்த கதர் மட்டும்தான். பருத்தியோ, கம்பளியோ, பட்டோ எதுவானாலும் கதராக இருக்க வேண்டும். திருத்தத்துக்குப் பிறகு இயந்திரத்தில் செய்ததும் செல்லும், பாலியஸ்டரும் செல்லும். 2022 ஜூலையில் இன்னொரு திருத்தம் வந்தது: பொதுமக்கள் திறந்தவெளியிலும் வீட்டிலும் இரவிலும் பறக்க விடலாம். அந்த ஆகஸ்டில் தபால் அலுவலகத்தில் 25 ரூபாய்க்குக் கொடி விற்றது பலருக்கு ஞாபகம் இருக்கும்.

எனக்கு உறுத்துவது துணி மாறியது இல்லை, மாற்றிய விதம். 1947-ல் இந்தக் கொடியை முடிவு செய்ய ராஜேந்திர பிரசாத் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அம்பேத்கர், ஆசாத், சரோஜினி நாயுடு, கே.எம்.முன்ஷி இருந்த அந்தக் குழுவில் நம்ம ஓசூர்ப் பக்கத்துத் தொரப்பள்ளிக்காரர் ராஜாஜியும் இருந்தார். ஜூலை 22-ம் தேதி அரசியல் நிர்ணய சபையில் நேரு தீர்மானத்தை முன்மொழிந்தபோது பட்டில் ஒன்று, பருத்திக் கதரில் ஒன்று என்று இரண்டு கொடிகளைக் கொண்டுவந்து காட்டினார். எச்.வி.காமத் சக்கரத்துக்குள் ஸ்வஸ்திகா வேண்டும் என்று ஒரு திருத்தம் கொடுத்திருந்தார். கொடியைப் பார்த்த பிறகு அவரே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். உறுப்பினர்கள் துணியைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பேசினார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம். 2021-ல் அவையில் ஓட்டெடுப்பு கிடையாது, ஓர் உத்தரவு, அவ்வளவுதான். முறைப்படி அதில் தப்பில்லை, ஏனென்றால் கொடி விதித்தொகுப்பு நாடாளுமன்றம் இயற்றிய சட்டமே இல்லை. 1971-ல் வந்த தேசிய மரியாதை அவமதிப்புத் தடுப்புச் சட்டம்தான் சட்டம், மூன்று ஆண்டு சிறை வரைக்கும் அதில் இடமுண்டு. இருந்தாலும் கர்நாடகத்தில் ஹூப்ளி பெங்கேரியில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு கதர்க்கொடி தைக்கிறவர்கள் பிழைப்பைத் தொடுகிற விஷயம் இது. இரண்டு மணி நேரமாவது பேசியிருக்கலாம்.

சரி, கொடிக்கு வருகிறேன். கடைசியில் சங்கம் இரண்டும் வாங்கித் தரச் சொன்னது.

கதர்க் கொடி 850 ரூபாய். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை என்று கடைக்காரரே சொல்லிவிட்டார், அந்த நேர்மைக்கு ஒரு மார்க். தையல் அருமை: மூன்று பட்டைகளும் தனித்தனித் துணி, இரட்டைத் தையல், கயிறு ஓடுகிற பட்டைக்குத் தடித்த வெள்ளைத் துணி, மேலே மாட்ட மரக்கட்டை. 900-க்கு 600 மில்லிமீட்டர் அளவுக்குச் சக்கரம் 185 மில்லிமீட்டர் குறுக்களவு இருக்க வேண்டும். ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், நூல் பிசகவில்லை. பின்பக்கமும் சக்கரம் தெளிவு. குறை என்னவென்றால் கனம். காற்று இல்லாத காலையில் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு தொங்கும். மழையில் நனைந்தால் அதைக் காயவைக்க ஒரு நாள் போய்விடும், பச்சைச் சாயம் வெள்ளையில் லேசாக இறங்குகிறது. இன்னொன்று, பூ வைத்துக் கட்டினால் முடிச்சு இறுகிக்கொள்கிறது. முடிச்சைக் கொஞ்சம் தளர்வாக விட்டு, சாமந்தி இதழை மட்டும் உதிர்த்து வையுங்கள். முழுப் பூ வைத்தால் விரியும்போது பொத்தென்று தலைவர் தலையில் விழும்.

பாலியஸ்டரில் முதலில் ஒரு பேன்சி ஸ்டோரில் பார்த்தது, பெயர் வேண்டாம். மூன்றுக்கு இரண்டு என்று உறையில் போட்டிருந்தது. அளந்தால் நீளம் 88 சென்டிமீட்டர், அகலம் 54. மூன்றுக்கு இரண்டு என்ற விகிதமே போச்சு. சக்கரம் கோழிமுட்டை மாதிரி நீண்டிருந்தது. ஆரங்களை எண்ணினேன், 24 இருக்க வேண்டிய இடத்தில் 22. "யாரு சார் இதையெல்லாம் எண்ணப் போறாங்க" என்று கடைப் பையன் சிரித்தான். நான் எண்ணுவேன் தம்பி என்று சொல்லிவிட்டு வந்தேன். அதே கடையில் மூவர்ணக் கைக்குட்டையும் தொங்கியது. கைக்குட்டையில் கொடியை அச்சடிக்கவே கூடாது, 2003-ல் நாடாளுமன்றம் அந்த 1971 சட்டத்தைத் திருத்தியபோது சேர்த்த விஷயங்களில் அதுவும் ஒன்று.

அப்புறம் நாலு ரோடு பக்கம் யூனிஃபார்ம் துணி விற்கும் கடையில் 120 ரூபாய்க்கு ஒன்று கிடைத்தது. அளவு சரி, ஆரம் 24. லேசான காற்றுக்கே படபடவென்று விரிகிறது, நனைந்தாலும் அரை மணியில் காய்கிறது, முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ்கிறது. தலைமையாசிரியர்கள் கொண்டாடுவார்கள். ஆனால் ஆடிக்காற்றுக்கு ஓரத்துத் தையல் தாங்கவில்லை. கம்பத்துக்கு எதிர்முனையில் பச்சைப் பட்டை முதலில் பிரிந்தது. காவி வெயிலில் வெளுத்து மஞ்சளாகிவிட்டது. கிழிந்த கொடியைப் பறக்க விடக்கூடாது என்பதால் இறக்கி, விதியில் சொல்லியிருக்கிறபடி தனியிடத்தில் முழுசாக எரித்தோம். அதன் பிறகு வாங்கியதற்குத் தெரு முனை டெய்லர் அண்ணனிடம் கொடுத்து ஓரத்தில் நாலு வரிசைத் தையல் போட்டு வாங்கினேன், 30 ரூபாய். இன்னும் நன்றாகவே பறக்கிறது.

கதருக்குப் பத்தில் எட்டு, யூனிஃபார்ம் கடை பாலியஸ்டருக்கு ஆறு, டெய்லர் தையலோடு சேர்த்தால் ஏழு. பித்தளை வளையம் வைத்த கொடியை வாங்காதீர்கள், வளையத்தைச் சுற்றித்தான் துணி முதலில் கிழியும். பாலியஸ்டரோடு கொடுக்கிற நைலான் கயிறு வழுக்கும், பருத்திக் கயிறு தனியாகக் கேட்டு வாங்குங்கள். கொடி ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் வாங்குவது நல்லது, பதினான்காம் தேதி போனால் கோழிமுட்டைச் சக்கரம்தான் மிச்சம் இருக்கும்.