எதிரொலியா, எதிர்முழக்கமா, பரிவா? ஒலிச் சொற்கள் சில: ஓர் ஒப்பீடு

உறவினர் வீட்டுத் திருமண வரவேற்புக்கு ஒரு மணி நேரம் முன்பு, காலியாக இருந்த மண்டபத்தில் வாழ்த்துரையை ஒருமுறை பேசிப் பார்க்கலாம் என்று மைக்கைப் பிடித்தேன். ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் அதன்மேல் ஏறிக்கொண்டதால் எதுவுமே விளங்கவில்லை. "எதிரொலி ரொம்ப இருக்கு, கொஞ்சம் குறைங்கண்ணே" என்று மைக்செட்காரரிடம் கேட்டேன். அவர் மிக்சரைக் காட்டி, "எக்கோவை எப்பவோ ஆஃப் பண்ணிட்டேன் சார். இது மண்டபம் பண்ற வேலை, ஆளுங்க வந்து உக்காந்தா சரியாயிடும்" என்றார். அவ்வாறே ஆயிற்று. நான் குறை சொல்லியிருக்க வேண்டியது எதிரொலியை அல்ல, எதிர்முழக்கத்தை.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: ஒலி சுவரிலோ பாறையிலோ பட்டுத் திரும்புகிறது. திரும்பி வர எடுத்துக்கொள்ளும் நேரத்தில்தான் சொற்கள் பிரிகின்றன. செவியில் ஓர் ஒலியின் உணர்வு ஏறத்தாழ 0.1 நொடி தங்குகிறது என்பது பள்ளிப் பாடநூல்கள் சொல்லும் கணக்கு. அதற்குள் திரும்பி வரும் ஒலியை நம்மால் தனியாகப் பிரித்துக் கேட்க இயலாது. காற்றில் ஒலி நொடிக்கு 344 மீட்டர் செல்வதாகக் கொண்டால், போய்வரும் தொலைவு 34.4 மீட்டராகவும், தடுக்கும் பரப்பு குறைந்தது 17.2 மீட்டர் தள்ளியும் இருந்தால்தான் எதிரொலி தெளிவாகக் கேட்கும். மலைச்சரிவில் நின்று ஒருவர் பெயரைக் கூவும்போது அந்தப் பெயர் முழுதாகத் திரும்பி வருகிறதே, அது எதிரொலி. மூடிய மண்டபத்திலோ எல்லாச் சுவர்களிலிருந்தும் கூரையிலிருந்தும் திரும்பும் ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, மூல ஒலி நின்ற பிறகும் நீண்டுகொண்டே போகின்றன. அது எதிர்முழக்கம். எதிரொலியில் சொல்லே திரும்பி வருகிறது என்றால், எதிர்முழக்கத்தில் சொல்லின் வால் மட்டும் இழுபடுகிறது.

மைக்செட்காரர் அனுபவத்தால் அறிந்ததை அளந்து காட்டியவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சேபின். 1895ஆம் ஆண்டில், பேச்சே புரியாத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சீர்செய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது. அங்கே ஒலி அடங்க ஐந்து நொடிக்கும் மேல் ஆயிற்று. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து அடுக்கி, மெத்தைகள் கூடக் கூட ஒலி எவ்வளவு விரைவாக அடங்குகிறது என்று அவர் கணக்கெடுத்தார். ஒலியளவு 60 டெசிபல் குறைய ஆகும் நேரத்தையே இன்றும் எதிர்முழக்க நேரம் என்கிறார்கள். உடையும் உடலும் ஒலியை உறிஞ்சுவதில் மெத்தைக்கு இளைத்தவை அல்ல என்பதால்தான் விருந்தினர் நிறைந்ததும் எங்கள் மண்டபம் அடங்கியது. ஆகவே பேச்சு விளங்காத இடத்தில் எதிரொலி என்று எழுதுவது தவறான சொல்லாட்சி மட்டும் அன்று, தவறான குமிழைத் திருகவும் வைக்கும்.

அன்றாட வழக்கில் இந்த இரண்டில் எதிரொலிதான் வென்றிருக்கிறது. எதிர்முழக்கம் பாடநூலைத் தாண்டி வெளியே வரவேயில்லை. எதிரொலியோ ஒலியையே விட்டு விலகிச் செய்தித்தாளுக்குள் குடியேறிவிட்டது. "கனமழை எதிரொலி: பள்ளிகளுக்கு விடுமுறை" என்ற தலைப்பைப் படிக்கும் எவரும் காதைத் தீட்டிக்கொள்வதில்லை, அங்கே அந்தச் சொல் 'காரணமாக' என்பதன் வேலையைச் செய்கிறது. இலக்கணம் பேசுவோர் இதை வெறுக்கிறார்கள் என்றாலும் எனக்கு இது பிழையாகப் படவில்லை. மழை ஒலி, விடுமுறை அதன் மறு ஒலி என்ற உருவகம் செல்லுபடியாகிறது, தலைப்பில் இடமும் மிச்சமாகிறது. எனக்கு ஒவ்வாதது 'அதிர்வலைகளை ஏற்படுத்தியது' என்பதுதான். எந்தச் சிறு அறிக்கைக்கும் அதை ஒட்டவைத்து, இப்போது அதில் அதிர்வும் இல்லை, அலையும் இல்லை. பழைய தமிழில் எதிரொலித்தலுக்குச் 'சிலம்புதல்' என்றும் ஒரு சொல் உண்டு. சிலம்பு என்பது மலைக்கும் பெயர், காலில் அணியும் நகைக்கும் பெயர். அழகான சொல்தான், ஆனால் இன்று அதை எழுதினால் வாசகருக்குக் கால்தான் நினைவுக்கு வரும்.

அடுத்த போட்டி இன்னும் சுவையானது. வீணையில் ஒரே சுருதிக்குக் கூட்டிய இரு தந்திகளில் ஒன்றின்மேல் மடித்த காகிதத் துணுக்கு ஒன்றை வைத்துவிட்டு மற்றதை மீட்டினால், யாரும் தொடாத தந்தி நடுங்கிக் காகிதத்தைக் கீழே தள்ளிவிடும். சுருதியை இம்மி மாற்றிவிட்டு மீட்டினால் காகிதம் அசையாது. இதைத் தமிழ்நாட்டுப் பாடநூல் ஒத்ததிர்வு என்கிறது. ஒத்திசைவு என்று எழுதுவோரும் உண்டு. இலங்கைத் தமிழ் மாணவர் பரிவு என்று படிக்கிறார்.

ஒத்ததிர்வு என்ற சொல்லை உடைத்தாலே பொருள் கிடைத்துவிடும், பாடநூலுக்கு அது பெரிய வசதி. ஒத்திசைவு அப்படியன்று, அது கருத்து உடன்பாட்டுக்கும் வருகிறது, அரசமைப்பின் பொதுப்பட்டியலை ஒத்திசைவுப் பட்டியல் என்போரும் இருக்கிறார்கள். எனவே இயற்பியலில் அதைத் தவிர்ப்பதே நல்லது. ஆனால் என் மனம் சாய்வது பரிவின் பக்கம். பரிவு என்றால் இரக்கம், பிறர் படும் பாட்டில் தானும் அசைவது. தொடாத தந்தி நடுங்குவதைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் இல்லை. ஒரு தடையும் உண்டு: 'கூடம் பரிந்தது' என்று எழுதினால் தமிழ்நாட்டு வாசகர் கூடம் யாருக்காக வருந்தியது என்று தேடுவார். எம்.ஆர்.ஐ. ஸ்கேனின் நடு எழுத்தான ஆர் குறிப்பதும் இந்த ஒத்ததிர்வையேதான். அந்த ஸ்கேனைத் தமிழில் காந்த ஒத்ததிர்வு என்று எழுதினால் இங்கே குழப்பம் இல்லை.

நீடிக்கும் ஒலிக்கு ரீங்காரம், கார்வை என இரு சொற்கள் மோதுகின்றன. ரீங்காரம் வண்டுக்கு உரியது. மெல்லிய நடுக்கமும் இடைவிடாமையும் அதன் இயல்பு. தம்புராவில் தந்தியைத் தாங்கும் கட்டையான குதிரைக்கும் தந்திக்கும் இடையே ஒரு பஞ்சு நூலைச் செருகி மயிரிழையாக முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். நூல் சரியான இடத்தில் நின்ற கணத்தில், அதுவரை மொட்டையாக ஒலித்த தந்தி வண்டாக மாறிவிடும். அது ரீங்காரம். பாடகர் ஒரு சுரத்தில் அசையாமல் நின்று அதை நீட்டுவது கார்வை. கொசுவின் ஒலிக்கு ரீங்காரம் என்ற சொல்லைச் செலவிடுவது எனக்குச் சம்மதமில்லை, அதற்கு 'நொய்' போதும்.

கணீர், கணகண என்ற இணையைப் பலரும் ஒன்றெனக் கொள்கிறார்கள். கோயில் கண்டாமணியில் நாக்கு ஒருமுறை மோதி, ஒலி தானே தேய்ந்து அடங்குவது கணீர். அதனால்தான் அழுத்தமான குரலைக் கணீர்க்குரல் என்கிறோம், கணகணக் குரல் என்பதில்லை. பூசை வேளையில் கைமணியை விடாமல் ஆட்டுவது கணகண. இது இரட்டைக்கிளவி, இரட்டையாகவே நின்று பொருள் தரும், பிரித்தால் தராது என்பது தொல்காப்பியக் காலத்து விதி. 'பாம்பு பாம்பு' என்ற அடுக்கில் ஒன்றை எடுத்துவிட்டாலும் பாம்பு அங்கேயே இருக்கும். கணகணவில் பாதியை எடுத்தால் கையில் எதுவும் மிஞ்சாது. அந்தக் கணகணவே மணியை விட்டு அடுப்புக்கும் போயிற்று, காய்ச்சலுக்கும் போயிற்று. "உடம்பு கணகணன்னு கொதிக்குது" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்து அம்மா சொல்லும்போது அங்கே ஒலி ஏதும் இல்லை.