16×20 ஃப்ரேமுக்காக எங்கள் தாத்தாவை வெட்டிவிட்டார்கள்

“உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது” என்று இன்று காலை மெயில் வந்தது. அந்தச் சூட்டோடு எழுதுகிறேன். மூன்று ஃப்ரேம், மொத்தம் 7,200. திரும்ப வராதாம்.

படத்தை அப்லோட் செய்தால் பிரிண்ட் போட்டு, ஃப்ரேம் மாட்டி, வீட்டுக்கே அனுப்பும் ஆன்லைன் தளம் ஒன்று. நான் கொடுத்தது குடும்பத்தில் 14 பேரும் ஒரே வரிசையாக நிற்கும் படம். இடது ஓரத்தில் நாற்காலியில் தாத்தா, வலது ஓரத்தில் பெரிய அத்தை. தாத்தா இருந்து எல்லோரும் சேர்ந்து எடுத்த கடைசிப் படம் அது. பணம் கட்டும் முன் எனக்கே சந்தேகம் வந்து சாட்டில் கேட்டேன்: “இந்தப் படம் 16×20க்குச் சரியாக வருமா?” உடனே பதில் வந்தது: “எந்த கேமரா படமா இருந்தாலும் எந்த சைஸுக்கும் நாங்களே செட் பண்ணிடுவோம், கவலையே படாதீங்க.” மாதிரிப் படத்திலும் 14 பேரும் முழுசாகத் தெரிந்தார்கள். நம்பிவிட்டேன்.

பார்சலைப் பிரித்தால் தாத்தா இல்லை. அவருடைய கைத்தடியும் அதைப் பிடித்திருக்கும் நான்கு விரல்களும் மட்டும் ஓரத்தில் இருக்கின்றன. அந்தப் பக்கம் அத்தையின் முந்தானை மட்டும். மூன்று ஃப்ரேமிலும் இதே கதி.

கணக்கு ரொம்ப எளிது. என் கேமரா படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 3:2, அதாவது 6000க்கு 4000 பிக்சல். 16×20 என்பது 5:4. உயரத்தை 16 அங்குலம் வைத்தால் என் படத்தின் அகலம் 24 அங்குலம் வரும், காகிதத்தில் இருப்பதோ 20. பக்கத்துக்கு 2 அங்குலம் வெட்டித்தான் ஆக வேண்டும், படத்தில் ஆறில் ஒரு பங்கு! அதற்குமேல் ஃப்ரேமின் உள்விளிம்பு வேறு கொஞ்சம் மறைக்கும். தினமும் இதே வேலை செய்கிறவர்களுக்கு இது தெரியாதா? வெட்டாமல் 20 அங்குல அகலத்துக்குள் முழுப் படத்தையும் வைத்து, மேலும் கீழும் ஒன்றேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வெள்ளை விட்டிருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சரி என்று சொல்லியிருப்பேன்.

புகார் கொடுத்தேன். “மாதிரிப் படம் பார்வைக்கு மட்டும்” என்றார்கள். அப்புறம் “அப்ரூவ் செய்தது நீங்கள்தானே” என்றார்கள். மூன்றாவது ஆள் “டெக்னிக்கல் டீம் பார்க்கிறது” என்றார். கடைசியில் சலுகையாம், ஒரே ஒரு பிரிண்ட் புதிதாக அனுப்பினார்கள். அதில் 24 அங்குலத்தை 20க்குள் நெருக்கியிருக்கிறார்கள். எல்லோர் முகமும் ஒடுங்கி நீண்டுபோய், குழந்தை கையிலிருக்கும் பந்து முட்டை மாதிரி நிற்கிறது. தாத்தா இருக்கிறார், ஆனால் அது அவர் முகமே இல்லை. அதைக் காட்டிக் கேட்டதற்கு “உங்கள் அளவுக்கென்று செய்த பொருள், ரிட்டர்ன் இல்லை” என்று முடித்துவிட்டார்கள். 7,200க்கு இதுதான் பதில்.

யோசித்து விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. 3:2 படமென்றால் 4×6, 8×12, 12×18, 20×30 போடுங்கள், வெட்டே விழாது. 5×7இல் கொஞ்சம் போகும். 8×10, 16×20 இரண்டிலும் நிறையப் போகும். போன் படம் பெரும்பாலும் 4:3, படுக்கைவாக்கில் எடுத்ததை 4×6இல் போட்டால் மேலும் கீழும் வெட்டு விழும். கிராப்பை நீங்களே செய்து, அந்த அளவிலேயே ஃபைல் கொடுங்கள். ‘ஃபில்’ என்றால் வெட்டுவார்கள், ‘ஃபிட்’ என்றால் வெள்ளை விடுவார்கள், எது என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சாட்டை மூடும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். நான் மூடியதும் அந்த “கவலையே படாதீங்க” காணாமல் போய்விட்டது.

ஒரிஜினல் ஃபைல் பத்திரமாக இருக்கிறது. 12×18இல் போடப்போகிறேன், ஃப்ரேம் வேறு புதிதாக வாங்க வேண்டும்.