ஆத்தங்குடிப் பட்டறையின் பழைய கணினிக்கு எதில் எழுதுவது? பைத்தானா, சி-யா, லாசரஸா?

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை நடத்தும் ஆச்சி ஒருவர் பில் போட ஒரு மென்பொருள் கேட்டார். அங்கே இருப்பது பென்டியம் 4 கணினி. 512 எம்பி ரேம், விண்டோஸ் எக்ஸ்பி, பேரலல் போர்ட்டில் ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். இணையம் கிடையாது. "கம்ப்யூட்டர் மாத்துறதெல்லாம் இப்ப வேணாம் தம்பி. இதுல ஓடுற மாதிரி எழுதிக் குடுங்க" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. சரக்கு போகும்போது ஜிஎஸ்டி பில் மூன்று பிரதி வேண்டும்: வாங்குபவருக்கு ஒன்று, லாரிக்கு ஒன்று, பட்டறைக்கு ஒன்று. கார்பன் தாளில் அந்தப் பிரிண்டரின் ஊசி தட்டினால் மூன்றும் ஒரே அடியில் வந்துவிடும். சிமென்ட் தூசிக்கு நடுவிலும் அது இன்னும் ஓடுகிறது.

எனக்குக் கைவந்தது எலக்ட்ரான்தான். ஆனால் அதை முதல் நாளே ஒதுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு மென்பொருளோடும் ஒரு முழு குரோமியம் உலாவியைக் கட்டி அனுப்பும் வழி அது. விண்டோஸ் 7-க்கே 22ஆம் பதிப்போடு நிறுத்திவிட்டார்கள், எக்ஸ்பி எம்மாத்திரம்! உலாவியிலேயே ஓட்டலாம் என்றால், எக்ஸ்பியில் ஓடும் கடைசி குரோம் 2016இல் வந்த 49ஆம் பதிப்பு.

பைத்தானில் எழுதுவது சுகம். தகவல்களை ஒரே கோப்பில் சேமிக்கும் எஸ்கியூலைட் என்ற தரவுத்தளம் கூடவே வருகிறது. பில் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனாலும் கணக்கு கெடாது. மறுபடி திறந்தால் அரைகுறைப் பதிவு தானாக விலகிவிடும். நம் ஊரில் இது பெரிய விஷயம். ஆனால் எக்ஸ்பியில் ஓடும் கடைசிப் பைத்தான் பதிப்பு 3.4. வாக்கியத்துக்குள்ளேயே மதிப்புகளைச் செருகும் எஃப்-ஸ்டிரிங் வசதி 3.6இல்தான் வந்தது, அதற்குப் பழகிய கை அடிக்கடி தடுமாறும். பைத்தான் நிரலைத் தனியே ஓடும் கோப்பாக்கும் பைஇன்ஸ்டாலரில் ஒரே கோப்பாகக் கட்டினால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தற்காலிக அடைவில் எல்லாவற்றையும் பிரித்துப் போட்ட பிறகுதான் ஓடத் தொடங்கும். அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கில் அது பெரிய காத்திருப்பு. வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போது யாருக்கு அந்தப் பொறுமை இருக்கும்?

சி மொழியில், விண்டோஸின் அடிப்படைக் கட்டளைகளான வின்32-ஐ நேரடியாக வைத்து எழுதினால் கோப்பு சில பத்து கேபிதான், தட்டியவுடன் திறக்கும். ஆனால் பதினைந்து பெட்டிகள் உள்ள ஒரு படிவத்தை அதில் கட்டுவது நாள் கணக்கில் இழுக்கும். ஆச்சி பிறகு ஒரு கட்டம் கூட்டச் சொன்னால் பாதியைக் கலைக்க வேண்டும்.

நான் தேர்ந்தெடுத்தது லாசரஸ், அதாவது ஃப்ரீ பாஸ்கல் கம்பைலரை வைத்து பாஸ்கல் மொழியில் மென்பொருள் கட்டும் இலவசக் கருவி. என் புதிய மடிக்கணினியில் படிவத்தை இழுத்துப் போட்டு வரைந்து, 32-பிட் விண்டோஸில் ஓடும் கோப்பாகக் கம்பைல் செய்து, பென் டிரைவில் கொண்டுபோனேன். பிழை தேட மட்டும் உதவும் டீபக் தகவலை நீக்கினால் கோப்பு சில எம்பிதான். நிறுவ வேண்டியது எதுவும் இல்லை. பெட்டிகளும் பொத்தான்களும் விண்டோஸுடையவையே என்பதால் தமிழையும் விண்டோஸே வரைகிறது. எக்ஸ்பியில் மட்டும் மண்டல அமைப்புகளுக்குப் போய், சிக்கலான எழுத்து வடிவங்களுக்கான கட்டத்தை டிக் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் 'கொ'வின் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். அதற்கு எக்ஸ்பி சிடி கேட்கும், மறக்காமல் எடுத்துப் போங்கள்.

பணக் கணக்குதான் என் மனதை முழுசாகத் திருப்பியது. தசம எண்களைக் கணினி வழக்கமாக வைக்கும் மிதவைப் புள்ளி முறையில் 0.1 என்பதைத் துல்லியமாக வைத்திருக்க முடியாது. பாஸ்கலில் பணத்துக்கென்று கரன்சி என்றே ஒரு எண் வகை உண்டு. நான்கு தசம இடம்வரை பைசா நழுவாது. பைத்தானில் அதற்கான டெசிமல் வகையைத் தனியே கூப்பிட வேண்டும், சி-யில் பைசாவை முழு எண்ணாக நாமே சுமக்க வேண்டும். அப்புறம் கல் கணக்கு: 8 அங்குலக் கல் சதுர அடிக்கு 2.25 வரும், 10 அங்குலம் என்றால் 1.44. 137 சதுர அடி பட்டாலைக்கு (வீட்டுக் கூடத்துக்கு) 8 அங்குலத்தில் 308.25, அதாவது 309 கல். ஆச்சி கால்குலேட்டரில் தட்டி எழுதிய இந்த எண்ணை இப்போது படிவமே சொல்கிறது.

அச்சில் மூன்று மொழிகளும் ஒன்றுதான். பேரலல் போர்ட்டுக்கு விண்டோஸ் வைத்த பெயரான எல்பிடி1-ஐ ஒரு கோப்பைப் போலத் திறந்து எழுதினால் பிரிண்டர் அடிக்கும். ஆனால் அதன் சொந்த எழுத்துகளில் தமிழ் இல்லை. படமாக அனுப்பினால் ஊர்ந்துதான் வரும். அதனால் பட்டறைப் பெயரைத் தாளிலேயே தமிழில் அச்சடித்துக்கொண்டோம், அளவும் தொகையும் மட்டும் பிரிண்டர் வேலை.

லாசரஸில் ஒரு குறை உண்டு: நாளை நான் இல்லையென்றால் காரைக்குடியில் பாஸ்கல் தெரிந்த பையனைத் தேட வேண்டும், பைத்தான் தெரிந்தவர்கள் நிறைய. அதே கணினியில் விண்டோஸ் 7-ம் 2 ஜிபி ரேமும் இருந்திருந்தால் பைத்தான் 3.8-ஐத்தான் எடுத்திருப்பேன். இப்போதைக்கு மூலநிரலையும் கம்பைலரின் நிறுவற்கோப்பையும் இரண்டு பென் டிரைவில் போட்டு ஆச்சியின் பீரோவில் வைத்திருக்கிறேன்.